ஏழாம் பாத்தியில் ஒரு கருங்காலி

வேலைநிறுத்தம் தொடங்கி ஆறு நாள் ஆகிவிட்டது. தொடங்கிய அன்றைய காலை இன்னும் முடியவில்லை.

நிலாவில் அப்படித்தான். சூரியன் கிளம்பி உச்சிக்கு வந்து சேரவே பூமிக் கணக்கில் ஏழு நாளுக்கு மேல் ஆகும். உச்சியிலிருந்து இறங்கி மறைய இன்னொரு ஏழு. அதன்பிறகு இரண்டு வாரம் இருட்டு. முயல்மேடு குடியிருப்பில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் இதற்குப் பழகிவிட்டார்கள். ஜன்னலில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டுத் தூங்கினார்கள். மணி அடித்தால் எழுந்தார்கள். வெயில் நின்ற இடத்திலேயே நின்றது. அவர்களால் பழகிக்கொள்ள முடியாதது ஒன்றுதான். அதற்காகத்தான் இந்த வேலைநிறுத்தம்.

ஒப்பந்தத்தில் ஏழு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டபோது எல்லோரும் பூமியில் இருந்ததால் நாள் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. இங்கே வந்து இறங்கிய பிறகு நிர்வாகம் விளக்கம் சொன்னது. வேலை நடப்பது நிலாவில். நிலாவில் ஒரு விடியலிலிருந்து மறு விடியல் வரைக்கும் ஒரு நாள். பூமிக் கணக்கில் அது இருபத்தொன்பதரை நாள். அப்படி ஏழு நாள் வேலை பார்த்தால் ஒரு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாளுக்கு மட்டும் பூமிக் கணக்கு, இருபத்து நாலு மணி நேரம். ஆக, ஏறக்குறைய ஏழு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமையை எல்லோரும் தூங்கியே கழித்தார்கள். அது எப்படி இருக்கும் என்று முழித்திருந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

முயல்மேட்டில் நடப்பது தோட்ட வேலை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே நாற்பது பாத்திகள், ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். மண் பூமியிலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்தது. தக்காளி, அவரை, கீரை என்று விளைகிறதெல்லாம் அந்த வழியாகப் போகும் கப்பல்களுக்குப் போகிறது. தண்ணீர் பாய்வது தானாக நடக்கும். களை எடுப்பதும் கிளை கழிப்பதும் காய் பறிப்பதும் கைவேலை. பாத்திக்கு ஓர் ஆள் பொறுப்பு. மற்றவர்கள் பறிப்புக்கும் கட்டுக்கும் வந்து போவார்கள்.

அங்கே வருகைப் பதிவேடு என்று தனியாக ஒன்று கிடையாது. அரிவாள், கொத்து, கத்தரி எல்லாவற்றின் பிடியிலும் கையுணரி என்று ஒரு தகடு இருந்தது. உள்ளங்கை பட்டதும் அது ஆளைத் தெரிந்துகொள்ளும். பிடியைத் தொட்டால் வேலைக்கு வந்தாயிற்று. கீழே வைத்தால் வேலை முடிந்தது.

வேலைநிறுத்தம் செய்யலாம் என்றும் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அதற்குக் கீழேயே இன்னொரு விதி. வேலைநிறுத்தம் நடக்கும்போது ஒரே ஷிப்டில் ஐந்து பேருக்கு மேல் கருவியைத் தொட்டால் வேலை தொடங்கிவிட்டதாகப் பொருள். அதன்பிறகு ஓர் ஆண்டுக்கு மறுபடி நிறுத்த முடியாது. அதனால் ஆறு பேர் கொண்ட போராட்டக் குழு முதல் நாளே கட்டுப்பாடு போட்டுவிட்டது. யாரும் கருவியைத் தொடக்கூடாது. எந்த இயந்திரத்தோடும் பேசக்கூடாது. ஒரு கேள்வி கேட்டால் அது ஒன்பது கேள்வி கேட்கும், பதில் சொல்லிச் சொல்லியே வேலையில் இறங்கிவிடுவோம் என்பது குழுத் தலைவர் பவுன்ராசுவின் வாதம்.

ஆனால் ஒலிபெருக்கியை அடைக்க முடியாது. காற்றுக் கசிந்தால் அதுதான் சொல்ல வேண்டும். காற்றின் நிலவரத்தைச் சொல்லிவிட்டு, பாத்திகளுக்கு மேலே தொங்கும் இலைக்கண் என்ற கேமரா பார்த்ததையும் அது ஒப்பிக்கும். தொழிலாளரின் மொழியில்தான் அறிவிக்க வேண்டும் என்று சங்கம் எப்போதோ கேட்டு வாங்கியிருந்ததால், தமிழில் ஒப்பிக்கும்.

ஆறாம் நாள் காலை எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார்கள். காற்று சரி என்றது. அழுத்தம் சரி என்றது. மூன்றாம் பாத்தியில் அவரை பூத்திருக்கிறது என்றது. பிறகு ஒரு கணம் நின்று, "புதிய அடையாளம். ஏழாம் பாத்தி. கருங்காலி, ஒன்று. உறுதி, தொண்ணூற்றெட்டு சதவீதம்" என்றது.

கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று.

அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்குக் கருங்காலி என்றால் ஒரே ஒரு பொருள்தான். எல்லோரும் வெளியே நிற்கும்போது பின்வழியாக வேலைக்குப் போகிறவன். கூட இருப்பவனை விற்பவன். அதைவிடக் கெட்ட வார்த்தைகள் அவர்களிடம் நிறைய இருந்தன. ஆனால் அவற்றைச் சொல்லிவிட்டு மறுநாள் சேர்ந்து டீ குடிக்கலாம். இதைச் சொன்னால் முடியாது.

ஏழாம் பாத்திக்குப் பொறுப்பு சன்னாசி. ஐம்பத்திரண்டு வயது. அதிகம் பேசாத ஆள். அவன் அப்போது தட்டில் பாதிச் சோற்றோடு உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்தவன் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனான். பக்கத்தில் இருந்தவனும் எழுந்தான். நான்கு பேர் உட்காரும் மேசையில் சன்னாசி தனியாக மீதியைத் தின்று முடித்தான். சோற்றை வைத்துவிட்டுப் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் மனைவி ஒச்சம்மாள் போராட்டக் குழுவில் ஒருத்தி. அதுதான் சங்கடமாகப் போயிற்று. குழு உடனே கூடியது. அவளை வெளியே உட்காரச் சொன்னார்கள். ஆறு நாளும் சாப்பாட்டுக்குத் தவிர அவன் அறையை விட்டு நகரவில்லை, குறட்டைக்கு நானே சாட்சி என்று அவள் சொன்னதை, பெண்டாட்டி சாட்சி செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். இயந்திரத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. அன்று மாலைக்குள் அவன் தன் பக்கத்தை நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கத்திலிருந்து பெயர் நீங்கும். பெயர் நீங்கியவனோடு யாரும் பேசமாட்டார்கள், ஒரே மேசையில் சாப்பிடமாட்டார்கள். ஒரே கூரைக்குக் கீழே முந்நூறு பேர் இருக்கும் இடத்தில், வெளியே போனால் காற்றே இல்லாத இடத்தில், அது எப்படிப்பட்ட தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை.

அறைக்கு வந்ததும் ஒச்சம்மாள் கதவைச் சாத்தினாள்.

"உண்மையச் சொல்லுய்யா. தொட்டியா?"

"நான் எதையும் தொடல. அது என்னையச் சொல்லல ஒச்சு. மரத்தைச் சொல்லுது."

"எந்த மரத்த?"

"என் பாத்தி மூலையில நிக்கிதுல்ல, அத."

அவள் அவனையே பார்த்தாள். "கருங்காலின்னு ஒரு மரம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கு அப்பறந்தான் ஆளுக்கு வச்சாங்க."

"நீயாக் கட்டிவிடுற."

அவளைக் குறை சொல்ல முடியாது. பூமியிலேயே அந்த மரத்தைப் பார்த்தவர்கள் அப்போது மிகக் குறைவு. மரம் போய்விட்டது, திட்டு மட்டும் தங்கிவிட்டது. அதன் கட்டை இரும்பு மாதிரி இருக்குமென்று கோடாலிக்குக் காம்பு போட்டார்களாம். அந்தக் கோடாலி மற்ற மரங்களை வெட்டியதாம். அதனால்தான் இனத்தைக் காட்டிக்கொடுப்பவனுக்கு அந்தப் பெயர் என்று சிலர் சொல்வதுண்டு. அந்த மரத்திடம் கேட்டுக்கொண்டு யாரும் காம்பு போடவில்லை.

சன்னாசியின் பாத்தியில் அது முளைத்துப் பதினாலு வருடம். ஏதோ ஒரு மண் மூட்டையில் விதையாக வந்திருக்க வேண்டும். பயிர் அல்லாத எதையும் பிடுங்கிவிட வேண்டும் என்பது விதி. அவன் அதைப் பார்த்த அன்றைக்கு இடுப்பு வலி. ஒரு செடிக்காகக் குனிந்து நிமிர அலுப்பாக இருந்ததால் விட்டுவிட்டான். மறுவாரமும் அலுப்பாகத்தான் இருந்தது. அப்படியே வாரம் வாரமாகத் தப்பித்து அது அவன் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. பதினாலு வருடத்துக்கு அந்த உயரம் ஒன்றுமேயில்லை. தண்டு மணிக்கட்டுத் தடிமன். இலைக்கண்ணும் அதைப் பெயர் தெரியாத செடி, தீங்கில்லை என்று எழுதிவைத்துவிட்டுச் சும்மா இருந்தது. சப்போட்டா இலை மாதிரி இருந்ததால் சன்னாசி அதைச் சப்போட்டா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். காய்க்கும் என்று கொஞ்சநாள் எதிர்பார்க்கவும் செய்தான்.

வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் அதில் முதல்முறையாக ஒரு மொட்டைப் பார்த்திருந்தான். இப்போது அது விரிந்திருக்கும். இலையை வைத்து மட்டும் நாலைந்து மரங்களுக்குள் குழம்பிக்கொண்டிருந்த இலைக்கண்ணுக்குப் பூவைப் பார்த்ததும் பெயர் கிடைத்துவிட்டது. ஒருத்தனுக்கு வாழ்நாள் முழுக்கக் கெட்ட பெயர் வர, அது பூப்பதற்கு வேறு வாரம் கிடைக்கவில்லை.

படிப்பறையில் ஒரு மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய வனக் காவலர் கையேடு ஒன்று இருந்தது. சன்னாசி மேசையைத் தூக்கி அதை உருவினான். விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, மூன்று மணி நேரம் தேடினான். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் கிடைத்தது. ஒச்சம்மாளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினான். அவள் படத்தையும் பார்த்துவிட்டு, குழுவை ஏழாம் பாத்திக்குக் கூட்டிவருகிறேன் என்று கிளம்பினாள்.

ஆறு பேரும் வந்தார்கள். பவுன்ராசு முன்னால் வந்தார். மதுரைப் பக்கத்து ஆள். சன்னாசிக்குத் தூரத்து உறவும்கூட. அதனாலேயே அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் குழுச் செயலாளர் ஆமோஸ். தூத்துக்குடிக்காரன். வாயைத் திறந்தால் கேலிதான் வரும்; ஆனால் ஒரு சந்தேகம் மனதில் புகுந்துவிட்டால் லேசில் வெளியே போகாது. மற்ற மூவரும் அவன் சொல்வதற்குத் தலையாட்டுவார்கள். கடைசியில் ஒச்சம்மாள்.

சன்னாசி கையேட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகக் காட்டினான். இலை ஒன்று மாற்றி ஒன்று அடுக்கியிருக்கும், தோல் மாதிரித் தடிப்பு, மேற்பக்கம் மினுக்கம். காட்டினான். பட்டை கருத்த சாம்பல் நிறம், சிறு சிறு சில்லாக வெடிக்கும். அதையும் காட்டினான். இந்த மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரத்தில் பூ கொத்தாக வரும், பெண் மரத்தில் தனித்தனியாக வரும். இலைக்காம்பு ஓரத்தில் ஒரே ஒரு சின்னப் பூ, வெளிறின நிறம், நாலு இதழ். அப்படியானால் இது பெண். பழம் உருண்டையாக, அடியில் கிண்ணம் வைத்த மாதிரி இருக்குமாம். பறவையும் மரநாயும் தின்று விதையைக் கொண்டுபோகுமாம். இங்கே ஆண் மரம் இல்லாததால் இது காய்க்கப் போவதில்லை.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்த மாதிரி எல்லாத்தையும் காட்டுதீரு" என்றான் ஆமோஸ். "சாதகம் மட்டுந்தான் பாக்கி."

கட்டை தண்ணீரில் மிதக்காது என்றும் போட்டிருந்தது. சன்னாசி ஒரு சிறு கிளையை ஒடித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். நிலாவில் எதுவும் அவசரமாக மூழ்காது. கிளை யோசித்து யோசித்து அடிக்குப் போனது.

"நேத்து நான் போட்ட சோப்பும் முங்கிச்சு" என்றான் ஆமோஸ். "அதுவும் கருங்காலியா?"

மூன்று பேர் சிரித்தார்கள். பவுன்ராசு சிரிக்கவில்லை. கையேட்டை வாங்கி அவரே வாசித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. இதன் வயிரம், அதாவது நடுக்கட்டை, மைக் கறுப்பு. பெயருக்குக் காரணமே அதுதான்.

"இலையும் பூவும் எனக்குத் தெரியாது தம்பி. ஆனா கறுப்பா வெள்ளையான்னு எனக்குத் தெரியும். உள்ள கறுப்பா இருந்தா நீ சொல்றது நெசம். உன் கால்ல விழுறேன்."

அடுத்த வரியையும் வாசிக்கும்படி சன்னாசி சொன்னான். அதில் வயிரம் ஏறப் பல பத்தாண்டுகள் ஆகும், இளமரத்தின் உள்ளே வெளிறித்தான் இருக்கும் என்று இருந்தது. ஆனால் குழுவுக்கு வேண்டியது அந்த முதல் வரியிலேயே கிடைத்துவிட்டது. அடுத்த வரியைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறாரே என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார்.

கருவியைத் தொடக்கூடாது என்பதால் சமையல்கட்டிலிருந்து கத்தி கொண்டுவந்தார்கள். அதற்குக் கையுணரி கிடையாது. பவுன்ராசு அறுத்தார். பட்டை உரிந்தது. அதற்கு மேல் கத்தி போகவில்லை. கொஞ்சம் அழுத்தியதும் அதன் வாய் மடங்கிவிட்டது. இன்னொரு கத்தி வந்தது. அதுவும் மடங்கியது.

"பாத்துக்கங்கண்ணே" என்றான் சன்னாசி. "எந்தச் சப்போட்டாவுக்குக் கத்தி மடங்கும்? இது போதாதா?"

போதவில்லை. கறுப்பைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர்களுக்குக் கறுப்பைத் தவிர எதுவும் போதாது. பாத்தியின் சுவரில் அரிவாள் மாட்டியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

சன்னாசி குறுக்கே வந்து நின்றான். "அருவாளத் தொடாதீங்கண்ணே. தொட்டா வேலைல சேர்ந்துரும்."

"செடி வளக்குறதுதானய்யா வேல. வெட்டிப் பாக்குறது வேலையா?" என்றார் பவுன்ராசு.

"அது நமக்குத் தெரியும். அருவாளுக்குத் தெரியாது."

ஆமோஸ் மெதுவாகத் திரும்பினான். "அருவாளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு உமக்குத்தான்வே நல்லாத் தெரியுது. சமீபத்துல பழக்கமோ?"

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் தீர்ப்பு பாதி எழுதியாகிவிட்டது என்பது ஒச்சம்மாளுக்குத் தெரிந்தது. அவள் போய் அரிவாளை எடுத்தாள். பிடி பச்சையாக ஒளிர்ந்து அணைந்தது.

"ஒருத்தி தொட்டா ஒண்ணும் ஆயிராது" என்றாள். "என் புருசன் பேரு இது. நானே வெட்டிக் காட்டுறேன்."

"வேணாம் ஒச்சு. வெள்ளையாத்தான் இருக்கும்."

"நீ சும்மா இருய்யா. நீ வேணாம் வேணாங்கிறதுதான் அவுகளுக்குச் சந்தேகம்."

அவள் வெட்டினாள். நிலாவில் ஓங்கி வெட்டினால் வெட்டுகிறவர்தான் துள்ளுவார். அவள் ஒரு முழம் மேலே போய் இறங்கினாள். மரத்தில் ஒரு விரல் ஆழத்துக்குக் கீறல் விழுந்திருந்தது.

பெண்டாட்டி கை மெல்லத்தானே விழும் என்று யாரோ சொன்னார்கள். ஆமோஸ் அரிவாளை வாங்கினான். அவன் ஒரு வெட்டு வெட்டியதும் அடுத்தவர் கை நீட்டினார். முயல்மேட்டில் அது ஒரு வழக்கம். குழுவாக முடிவெடுத்த எதிலும் எல்லோரும் ஒரு கை வைப்பார்கள். நாளைக்கு நீதானே செய்தாய் என்று ஒருவர்மேல் ஒருவர் போடக்கூடாது என்பதற்காக. வேலைநிறுத்தத் தீர்மானத் தாளிலும் ஆறு கை ரேகையும் அப்படித்தான் பதிந்திருந்தன. அந்த ஒற்றுமையில் எண்ணிக்கை யார் ஞாபகத்திலும் இல்லை. சன்னாசி ஒருவன்தான் எண்ணிக்கொண்டிருந்தான். மூன்று. நான்கு. ஐந்து.

பவுன்ராசு பிடியை வாங்கக் கை நீட்டினார்.

"அண்ணே, அஞ்சு ஆச்சு. நீங்க தொடாதீங்க."

"மரத்துக்கு வலிக்குதாம்" என்றான் ஆமோஸ்.

பவுன்ராசுவுக்கு அந்தக் குரலில் இருந்த கலக்கம் குற்றவாளியின் கலக்கமாகவே கேட்டது. அவர் பிடியை வாங்கி, துள்ளாமலிருக்கக் கால் இரண்டையும் தண்ணீர்க் குழாயில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு வெட்டினார். மரம் மெல்லச் சாய்ந்து, இலை கலையாமல் படுத்தது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தேங்காய்ப் பருப்பு மாதிரி வெள்ளை. நடுவில் ஒரு பொட்டுக் கறுப்புகூட இல்லை.

பவுன்ராசு அரிவாளைச் சுவரில் மாட்டிவிட்டு, பெயரை நீக்கிவிடலாம் என்றார். முதல் வெட்டு தன்னுடையது என்பதால், வெட்டிப் பார்த்ததே தப்பு என்று ஒச்சம்மாளால் வாதாட முடியவில்லை. சன்னாசி மட்டும் விழுந்து கிடந்ததைத் தூக்கிப் பாதையை விட்டுத் தள்ளி வைத்தான். நிலாவில் அதற்குக் கனமே இல்லை. ஆனாலும் அவனுக்கு மூச்சு வாங்கியது.

மாலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடத்துக்கு வந்தபோது, பெயர் நீங்கிய செய்தியை எழுந்து சொல்லப் பவுன்ராசு தொண்டையைச் செருமினார். ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. காற்று சரி. அழுத்தம் சரி.

"ஏழாம் பாத்தி. கருங்காலி நீக்கப்பட்டது. பெண் மரம், வயது பதினான்கு."

கூடம் முழுவதும் ஒரு சலசலப்பு ஓடியது. பவுன்ராசு வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு சன்னாசி தனியாக உட்கார்ந்திருந்த மேசையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். ஒச்சம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது சந்தோஷ அழுகைதான். "அப்ப மரந்தானா" என்று ஆமோஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டு பேர் சன்னாசியின் மேசைக்குத் தட்டோடு வந்து உட்காரவே செய்தார்கள்.

ஒலிபெருக்கி முடித்திருக்கவில்லை.

"ஏழாம் பாத்தி. வேலைக்கு வந்தோர், ஆறு பேர். ஒச்சம்மாள். ஆமோஸ்." வரிசையாக ஆறு பெயரையும் வாசித்தது. கடைசிப் பெயர் பவுன்ராசு. "கிளை கழிப்புப் பணி நிறைவு. விதிப்படி வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. அனைவருக்கும் நன்றி."

பவுன்ராசு பாதி வழியில் நின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டவர் அதைக் கேட்காமலே திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். சன்னாசிக்கு எதிரே வந்து உட்கார்ந்த இரண்டு பேரும் சாப்பாட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள்.

மறுநாள் மணி அடித்ததும் முந்நூற்றுப் பதினொரு பேர் வேலைக்குப் போனார்கள்.

சன்னாசி போகவில்லை. யாரையும் எதிர்த்து அல்ல. ஓய்வு வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கை தூக்கியபோது அவனும் தூக்கினான். ஓய்வு வரவில்லை, அவன் பிடியைத் தொடவும் இல்லை, ஆகவே அவன் கணக்கில் வேலைநிறுத்தம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. ஒச்சம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். அவன் கறுப்புத் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

நிர்வாகத்துக்கு அந்த மரத்தின் அருமை அது விழுந்த பிறகுதான் தெரியவந்தது. பூமியிலிருந்து விசாரித்தார்கள். உடனே அடிக்கட்டையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, இங்கே ஓர் அரிய கருங்காலி மரம் நின்றது, தொடாதீர் என்று பலகை வைத்தார்கள். வேலை முடிந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டையில் ஒரு மணி கழுத்தில் கிடந்தால் நினைத்தது நடக்கும், கண் படாது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒதுக்கி வைத்திருந்த தண்டும் கிளையும் இரண்டே நாளில் மணி மணியாகத் துளை போட்டுப் பங்காகிவிட்டது. உள்ளே வெள்ளையாக இருந்தது கொஞ்சம் இடித்தது. பெட்டிகளில் பெயர் அச்சடிக்கும் மையில் தோய்த்துக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். குழு ஆட்களுக்கு ஆளுக்கு மூன்று மணி.

சன்னாசியின் பாத்தியை யாராவது பார்க்க வேண்டியிருந்தது. அதை மற்றவர்கள் தலையில் பிரித்துக் கட்டினார்கள். ஏற்கனவே ஓய்ந்துபோயிருந்தவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் வேலை கூடியது.

வேலை மறுபடி தொடங்கிய ஐந்தாம் நாள் ஒச்சம்மாள் வேலை முடிந்து வந்தாள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மூன்று மணி கிடந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"எல்லாரும் போட்டுருக்காக" என்றாள். "நல்லதாம்."

அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாளைக்காச்சும் வந்துருய்யா. ஊரு மொத்தமும் வேலைக்குப் போகுது, நீ ஒருத்தன் இங்க கெடக்க. உன் பாத்தியும் எங்க தலையில. கூடத்துல உன்ன என்ன பேசுறாக தெரியுமா?"

"என்ன பேசுறாக?"

அவள் சிறிது நேரம் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"கருங்காலிங்கிறாக."

"யாரு?"

"எல்லாருந்தான். கழுத்துல இதையும் மாட்டிக்கிட்டு."

வியர்வையில் மணியின் மை கரைந்து அவள் கழுத்தில் வழிந்திருந்தது. சன்னாசி எழுந்து ஒரு துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தான். அவள் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது தோளுக்கும் இறங்கியது.